ஒரு கஜம்

மார்ல்பியிலிருந்து ஸ்கார்த்வெல்லுக்கு
சாலை வழி ஏழு மைல்.
நடைபாதை வழி நாலே கால்.
அந்தக் கால் மைல்தான்
என் காலை வாங்கும்.

மருந்துக்கடைக்குப் பின்னால்
குப்பைத்தொட்டிகளுக்கும்
ட்ரெவர் கார்ஸைடின் கடல் காணாத படகுக்கும் நடுவே
தொடங்குகிறது.
கம்பத்தில் மஞ்சள் அம்பு,
மழை தின்று தின்று
வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது.

முதல் வயல் ஹார்க்னஸுடையது.
பார்லிக்கு நடுவே ஒரு மீட்டர் வழி விடவேண்டும்,
சட்டம் அப்படி. விடுவார்.
அடுத்த வயலில்
காளையையும் விடுவார்.
'அது ஒன்றும் செய்யாது.'
என்னிடம் சொல்கிறார்.
காளையிடம் சொன்னாரா என்று
தெரியவில்லை.

பிறகு ரயில்பாதை.
நில், பார், கேள்.
நிற்பேன், பார்ப்பேன், கேட்பேன்.
ஒரு வானம்பாடி
கண்ணுக்குச் சிக்காத உயரத்தில்
நிறுத்தாமல் கொட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு ஓடை. ஓடையைத் தாண்டி ஒரு கடவை,
வேலியை ஏறிக் கடக்க இரண்டு பலகை.
அதுவரை எங்கள் ஊர்ப் பங்கு,
அதற்கப்பால் அவர்களுடையது.
யாரோ என்றோ வரைபடத்தில் இழுத்த கோடு.
காஞ்சொறிக்கு வரைபடம் படிக்கத் தெரியாது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை
அரிவாளும் தடித்த கையுறையுமாகப் போவேன்.
சம்பளமில்லை. கமிட்டிச் செயலர் நோரீன்
ஆண்டுக்கொருமுறை ஒரு கேக் தருவாள்,
அதுவும் உலர்ந்தது.

ஒன்பது வருடம்.
அந்தப் பக்கம் வெட்டுகிற ஆளைப் பார்த்ததில்லை.
பார்த்ததெல்லாம் வெட்டு:
தாழ்வாக, சீராக,
என் வெட்டுக்கு நேர் எதிர்ச் சாய்வில்.
இடதுகைக்காரர்.
கடவைப் பலகையில் சிலநாள்
பிளாஸ்க் மூடி வைத்த ஈர வட்டம்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஸ்கார்த்வெல்.

ஜூனில்
கடவைக்கு இந்தப் பக்கம்,
எங்கள் மண்ணில்,
ஒரு கஜம் வெட்டியிருந்தது.

எதிர்ச் சாய்வு.

முதலில் சுருக்கென்றது,
காஞ்சொறி பட்ட மாதிரியே.
என் வேலையில் என்ன குறை?
புகார் எழுதவா என்றாள் நோரீன்,
பேனாவை எடுத்தும்விட்டாள்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டாள்.
தேநீர் ஆறுகிறது என்றேன்.

ஜூலையில் கடவை ஏறி இறங்கி
அவர்கள் பக்கம் இரண்டு கஜம் வெட்டினேன்.
ஆகஸ்டில் எங்கள் பக்கம் நாலு.
செப்டம்பரில் நான் வெறிகொண்டவளாக
பிளாக்பெர்ரி முள்ளையும் சேர்த்து
ஆல்டர் மரங்கள் வரைக்கும்.
முழங்கை முழுக்கக் கீறல்.
கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவர்
பூனை வளர்க்கிறீர்களா என்றார்.

அக்டோபரில் கணக்கு இப்படி:
ரயில்பாதையிலிருந்து ஓடை வரை
எங்கள் வழியை அவர் துடைத்து வைத்திருந்தார்.
நானோ ஸ்கார்த்வெல் பால்பண்ணைச் சுவரில்
மூச்சுவாங்கச் சாய்ந்திருந்தேன்.
சுவருக்கப்பால் ஊர்.
எட்டிப் பார்க்காமல் திரும்பினேன்.

நவம்பரில் காஞ்சொறி தானே படுத்துவிட்டது.
வெட்ட ஒன்றுமில்லை.
அரிவாளை வீட்டில் வைத்துவிட்டு
நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு
நாலே கால் மைலும் நடந்தேன்.

ரொட்டிக்கடையில் பன் வாங்கி
ஜன்னலோரம் உட்கார்ந்து
ஊரின் இடது கைகளை எண்ணினேன்.
சில்லறை தந்த பெண்.
நாய்க்கயிறு பிடித்த கிழவர்.
தபால்பெட்டிக்குள் கடிதத்தைத் தள்ளிவிட்டு
தள்ளியது போதாதென்று
உள்ளே குனிந்து பார்த்த ஒருவர்.
நாலாவது கையை எண்ணும்போது
பன் தீர்ந்துவிட்டது.

திரும்பும் வழியில்
ஓடையோரம் வெயில் எட்டாத நிழலில்
காலைப் பனி அப்படியே உறைந்து கிடந்தது.
கடவைப் பலகையும் வெள்ளை,
நடுவில் உருகிய ஒரு வட்டம் தவிர.

அதற்கப்பால்
ஸ்கார்த்வெல் நோக்கிப் போன என் தடங்கள்.
பக்கத்திலேயே
ஒன்றைக்கூட மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி
மார்ல்பி நோக்கி
இன்னொரு ஜோடி.

விரைந்தேன். ரயில்பாதையில்
நிற்கவில்லை, கேட்கவில்லை,
பார்க்க மட்டும் பார்த்தேன்.
கொட்டிலுக்கு இன்னும் போகாத காளை
வயல் நடுவே
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
எங்கள் ஊரையே பார்த்து நின்றது.